நலங்குத் தட்டின் மறுபக்கம்

காரைக்குடியில் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திய சொக்கு செட்டியார் படு சிக்கனம். பாடகி நாகவல்லியின் நலங்குப் பாட்டைப் பதிவு செய்தவர், மறுபக்கம் சும்மா கிடக்க வேண்டாமென்று அவள் பாடிய ஒப்பாரியையும் ஏற்றிவிட்டார். அந்தத் தட்டைத்தான் அவருடைய கணக்குப்பிள்ளை வலையபட்டிக் கல்யாண வீட்டுக்கு விற்றுத் தொலைத்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் செட்டியார் வில்வண்டியில் பறந்தார். அவர் பந்தலுக்குள் நுழையவும் நலங்குப் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. பெண்ணின் தாயார் சீதை ஆச்சி தட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார்.

"மறுபக்கத்தையும் கேப்போம்!"

செட்டியார் தட்டை எடுக்கப் பாய்ந்தார். அதற்குள் கனத்த சம்பந்தி ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சடக்!

"அய்யய்யோ, ஒங்க தட்டு ஒடைஞ்சு போச்சே!" என்று ஆச்சி செட்டியாரைப் பார்த்துப் பதறினார்.

செட்டியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியிடம் சொன்னார்:

"நல்ல நேரத்துல வந்து உக்காந்தீக அண்ணே. எந்திரிச்சிராதீக!"