கவிழ்த்து வைத்த ஏழு காய்கள்

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், செயற்கைப் பல் செய்யும் பட்டறை ஒன்றின் பின்னறையில் நால்வர், காய்களை எடுத்தும் எறிந்தும் தொகுதி சேர்க்கும் ஜப்பானிய மாஜாங் ஆட்டம் ஆடினர். அக்கா, அக்காவின் கணவர், அக்காவின் தம்பி, தம்பியின் மனைவி ஆகிய அந்நால்வருமே பட்டறையின் பங்காளிகள். பக்கத்து நகரத்தில் புதிய கிளைக்கென இரண்டு அறைகள் எடுக்கப்பட்டிருந்தன. அதை எந்தத் தம்பதி நடத்துவது என்னும் இழுபறி மாதக்கணக்கில் நீண்டு, சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஆட்டம், முதலிடம் பெறுபவரின் தம்பதிக்கே கிளை என்று அக்காதான் முடிவு கட்டினாள்.

தம்பியின் மனைவிக்கு அந்த வீட்டில் 'மெழுகுக்காரி' என்று பெயர். பல்லின் வடிவத்தை மெழுகில் செதுக்குவது அவள் வேலை. பெயர் வைத்தவர் நாத்தனாரான அக்காவின் கணவர். அவள் செதுக்கி முடித்த பல் ஒவ்வொன்றையும் நாத்தனார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு கத்தியை எடுத்து ஏதேனும் ஒரு மூலையைச் சீவுவாள். சில நேரம் அது தேவைப்பட்டது, பெரும்பாலும் தேவைப்படவில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு எட்டு ஆண்டுகளாக மெழுகுக்காரிக்கு வரவில்லை. அவள் கணவனோ அக்காவின் முன்னால் வாயில் கொழுக்கட்டை. புதிய கிளையில் சன்னலோரமாக ஒரு மேசை உண்டு. அதில் தன் பல்லைத் தானே முடித்து அனுப்பலாம். இன்று தோற்றால் இந்தப் பட்டறையும் இந்தக் கத்தியுந்தான்.

ஆட்டத்துக்கு முன்பே நாத்தனார் நின்றபடி விதிகளைச் சொல்லியிருந்தாள். கிழக்குச் சுற்று, தெற்குச் சுற்று என இரண்டு சுற்று. சுற்றுக்கு நான்கு கை, அதாவது நான்கு சிற்றாட்டம்; ஒவ்வொரு கையையும் ஒருவர் டீலராகத் தொடங்கி வைப்பார். முடிவில் எவரிடமும் முப்பதாயிரம் புள்ளி இல்லையெனில் மேற்குச் சுற்றும் ஆட வேண்டும். டீலர் வென்றாலோ, கை முடியும்போது வெற்றிக்கு ஒரே காய் பாக்கி என்னும் நிலையில் 'ரெடி'யாக இருந்தாலோ, அவரே மறுபடி டீலர். அந்தக் கை மீண்டும் ஆடப்படும். கடைசிக் கைக்கும் இதேதான்.

"முன்னாடி இருக்கேன், ஜெயிச்சுட்டேன், போதும்னு டீலர் எழுந்து ஓட முடியாது. புரிஞ்சுதா?" என்றாள் நாத்தனார்.

"கதவையும் பூட்டிடுங்க அத்தான்" என்றான் தம்பி.

"சாவி என்னிக்குப்பா என்கிட்ட இருந்தது?" என்றார் அவர்.

தெற்குச் சுற்றின் நான்காம் கை வந்தது. டீலர் மெழுகுக்காரி. அவளிடம் முப்பத்திரண்டாயிரத்து நானூறு புள்ளி. நாத்தனாரிடம் இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். ஆண்கள் இருவரும் வெகு தூரம் பின்தங்கி, வேடிக்கை பார்ப்பவர்களாகிவிட்டனர். இந்தக் கை முடிந்து ஆட்டமும் முடிந்தால் கிளை அவளுடையது. ஆனால் இந்தக் கையை அவள் வென்றால் ஆட்டம் முடியாது. மறுபடி ஆட வேண்டும். அதிலும் வென்றால் இன்னொரு கை. நாத்தனாருக்கோ ஒரு கை வாய்த்தாலே போதும். முன்னால் இருப்பவளுக்குத்தான் அந்த விதி பாதகம்.

கை நீண்டது. மெழுகுக்காரி மூன்று ஒரே காய் சேர்ந்த இரண்டு மும்மைகளைத் திறந்து வைத்துவிட்டாள். மறைவாக நின்றவை ஏழு காய்கள். ஒரு காய் வந்தால் வெற்றி என்னும் நிலையை அவை எப்போதோ எட்டிவிட்டன. அந்தக் காய் வரவில்லை. எடுக்க வேண்டிய காய்களெல்லாம் தீர்ந்து, எவரும் வெல்லாமல் கை முடிந்தது.

இனி ஒவ்வொருவரும் தாம் ரெடியா இல்லையா என்று காட்ட வேண்டும். ரெடியாக இருப்பவர்களுக்கு மற்றவர்கள் மொத்தம் மூவாயிரம் புள்ளி தண்டம் கட்டுவது வழக்கம். முதலில் காட்ட வேண்டியவர் டீலர்.

மெழுகுக்காரி யோசித்தாள். காய்களைத் திறந்து காட்டினால் அவள் ரெடி. கை மீண்டும் ஆடப்படும். கவிழ்த்து வைத்தால் அவள் ரெடி இல்லாதவளாகக் கொள்ளப்படுவாள். ஆட்டம் இத்தோடு முடியும். ஆனால் அப்போது நாத்தனார் ரெடியாக இருந்துவிட்டால் தண்டம் அவள் பக்கம் போகும்; இரண்டாயிரத்து ஐந்நூறு என்ற இடைவெளி தலைகீழாகி, கிளையும் கைவிட்டுப் போகும். ஆண்கள் ரெடியோ இல்லையோ, அவளுக்கு ஒன்றும் ஆகாது. நாத்தனாரின் கையில் என்ன இருக்கிறது? அது ஒன்றுதான் கேள்வி. அவள் காட்டுவதோ கடைசியில்.

நாத்தனார் எறிந்து வைத்த வரிசையை மெழுகுக்காரி மீண்டும் பார்த்தாள். காய்கள் அளவெடுத்தாற்போல் நேர்வரிசையில் கிடந்தன. இறுதியாக எறிந்தவை இரண்டும் மூன்று வட்டம் பொறித்த ஒரே வகைக் காய்கள். முன்பு மெழுகுக்காரியே எறிந்த காய் அது; தான் எறிந்த காயையே பிறர் எறிந்தால் அதை வைத்து வெல்லக் கூடாது என்பது விதி, ஆகவே அதை எறிந்து அவளிடம் எவரும் மாட்டிக்கொள்ள முடியாது. பாதுகாப்புக்காக நாத்தனார் சோடியைப் பிரித்து எறிந்திருக்கிறாள். வெல்லப் போகிறவள் சோடியைப் பிரிப்பாளா? பிரிக்க மாட்டாள். ஆனால் தவறே செய்யாத நாத்தனார், பின்தங்கியிருக்கும்போது ஏன் பின்வாங்க வேண்டும்? அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. திறந்து கிடக்கும் மும்மைகளைப் பார்த்து, இவள் ரெடி என்று நாத்தனார் உறுதி செய்திருக்கிறாள். டீலர் ரெடியானால் இன்னொரு கை நிச்சயம். ஆகவே இந்தக் கையில் அவள் அவசரப்படவில்லை.

அப்படித்தானா? அல்லது ஒரே காய் மூன்று வைத்திருந்து, இரண்டை எறிந்தும் ரெடியாகவே இருக்கிறாளா?

"என்னம்மா, காய் முளைக்கட்டும்னு பார்க்கறியா?" என்றாள் நாத்தனார்.

மெழுகுக்காரி ஏழு காய்களையும் இரு கைகளாலும் அணைத்து, முகம் கீழாகக் கவிழ்த்தாள்.

"மூடறேன்."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. நாத்தனாரின் கணவர் தம் காய்களைக் கவிழ்த்தார். தம்பி தன் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானும் கவிழ்த்தான். நாத்தனார் அசையவில்லை. மேசை விளிம்பில் இருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்தன. பிறகு, ஒரு காயும் கோணாமல், தன் வரிசையை மெல்லக் கவிழ்த்தாள்.

மூடிய காய்களைக் காட்டச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்று நாத்தனாரின் கணவர் தாழ்ந்த குரலில் தொடங்க, அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"நீ ரெடியா இருந்தே, இல்ல?"

இல்லை என்று சொல்லிவிடலாம். காய்களைக் குவியலில் தள்ளிக் கலக்கிவிடலாம். ஆயினும் மெழுகுக்காரி அந்தக் காய்களின்மேல் கை வைக்கவில்லை.

"இருந்தேன் அண்ணி. ரெடியா இருக்கறவங்க மூடக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே."

தம்பி மேசைக்கடியில் எதையோ தேடுபவன்போல் குனிந்துகொண்டான். நாத்தனார் தான் சொன்ன விதிகளை உதட்டுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"சொல்லலை" என்றாள் நாத்தனார். "சொல்லியிருக்கணும்."

முடிவானவை இவை. ஆட்டம் தெற்குச் சுற்றின் நான்காம் கையோடு முடிந்ததாகக் கொள்ளப்பட்டது. எவரும் ரெடியாக இல்லை என்றே கணக்காயிற்று, தண்டம் இல்லை. முதலிடம் மெழுகுக்காரிக்கு. ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிய கிளையை அவளும் அவள் கணவனும் நடத்துவர். அங்கு செய்யும் பற்கள் பழைய பட்டறைக்கு வராமல் நேராக மருத்துவர்களுக்குப் போகும். தான் ஒரு முறை வந்து பார்க்கலாமா என்று நாத்தனார் கேட்டாள். அழைக்கும்போது வரலாம் என்று சொல்லப்பட்டது. ரெடியாக இருப்பவர் காய்களை மூடலாமா என்பதை இனி ஆட்டம் தொடங்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது என்றும் நால்வரும் ஒப்புக்கொண்டனர்.