ஏழாம் நம்பர் ஆடும் பேராசிரியரின் சுவரும்

என் வேலை புழுக்கை பொறுக்குவது. ஆராய்ச்சி நிலையத்து ஆட்டுக் கொட்டகையில் பத்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் மனைவி தன் பிறந்த வீட்டில் "விஞ்ஞானத் துறை" என்று சொல்லி வைத்திருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. கூண்டுக்குள் போகும் தீவனம், தண்ணீர், வெளியே வரும் புழுக்கை, மூத்திரம் எல்லாவற்றையும் ஏழு நாள் எடை போட வேண்டும். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு எலும்பில் தங்கியது என்று ஆய்வுக்கூடம் சொல்லும்.

இந்த முறை ஆய்வு ஓர் ஆராய்ச்சி மாணவியுடையது. மூன்று வருஷப் படிப்பின் கடைசிச் சோதனை. ஆறு ஆடுகள் ஒழுங்காக நடந்துகொண்டன. ஓரக் கூண்டில் நின்ற ஏழாம் நம்பர் மட்டும் நாளுக்கு ஐந்து கிராம் சத்தைத் தின்றுவிட்டு ஒன்பது கிராம் வெளியே தள்ளியிருந்தது.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் தாளை மேசைமேல் வீசினார்.

"ஆட்டு வயித்துல சுண்ணாம்புக் காளவாயா இருக்கு? எடை போடவே தெரியல. இன்னொரு வருஷம் இருந்து முதல்லேருந்து செய்ங்க. இல்லன்னா ஆய்வேட்டுல என் கையெழுத்து கிடையாது."

அந்தப் பெண் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடை போட்டது நான். பத்து வருஷத்தில் என் தராசில் ஒரு புழுக்கை கூடக் குறைந்ததில்லை.

மறு சோதனைக்காகக் கூண்டைக் கழுவப் போனேன். ஓரக் கூண்டுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில், ஆட்டுக் கழுத்து எட்டும் உயரத்தில், அரை வட்டமாக சிமெண்ட் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. போன வாரம் ஏழாம் நம்பரின் தாடி வெளுத்திருந்ததைப் பார்த்து, பாவம், வயசாகிறது என்று நினைத்திருந்தேன். நக்கியிருக்கிறது கழுதை!

சோதனைக்கு முந்தைய நாள் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் நானேதான். எதையும் பார்க்காதது போலக் கூண்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி, இங்க வந்து பாரு. உன் ஆடு சுவரைத் தின்னுருக்கு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தவள், பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணே, ஒரு கத்தி குடுங்க" என்றாள். பக்கத்துச் சுவரில் அதே அளவு இடத்தைச் சுரண்டி எடுத்து, எடை போட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். இருபத்தேழு கிராம் சத்து என்று பதில் வந்தது. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்குக் கிட்டத்தட்ட நாலு; தீவனத்தின் ஐந்தோடு சேர்த்தால் ஒன்பது.

திருத்திய பட்டியலோடு இருவரும் பேராசிரியர் அறைக்குப் போனோம். அவர் விரலை ஓட்டிப் படித்தார்: "உள்ளே போனவை: தீவனம், தண்ணீர், சுவர்."

"சுவரா?"

"கழுத்து எட்டின வரைக்கும் சார்" என்றாள் அவள்.

"இதை வெளிய எவனாவது படிச்சா சிரிப்பான். சோதனை நேரத்துல எந்த முட்டாள் வெள்ளையடிக்கச் சொன்னது?"

அவள் கூரையைப் பார்த்தாள். பதில் சொன்னது நான்தான்.

"நீங்கதான் சார். பார்வையிட குழு வருது, பளிச்சுன்னு இருக்கணும்னீங்க."

அவர் பேனாவைத் தேடி எடுத்தார்.

"எடையெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நான் போட்டது சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.