அபகரனின் கவசமும் ஓர் இடைவெளியும்

அபகரனிடம் நாங்கள் மூக்குடைபடாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அபகரன் என்றதும் ஏதோ தெருமுனை ரௌடி என்று நினைத்துவிட வேண்டாம். என் மகள் வாங்கி வந்த சீட்டாட்டத்தில் வரும் வில்லன் அவன். ஒருவரை ஒருவர் கவிழ்க்கும் ஆட்டமில்லை இது. ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவை எடுத்துக்கொண்டு எல்லாரும் ஒரே பக்கம் நின்று, வில்லனின் சீட்டுக்கட்டை எதிர்த்து நகரத்தைக் காப்பாற்ற வேண்டும். ஜெயித்தால் எல்லாருக்கும் ஜெயம், தோற்றால் எல்லாருக்கும் தோல்வி. பெட்டியிலிருந்த மற்ற வில்லன்களையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டோம். இவன் ஒருத்தன்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் என்றால் மூன்று பேர். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆள் கத்திக்கொண்டிருந்தாலும், முதலில் கழற்றிய திருகுகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவிடம் இருக்கும் நிதானத்தில் ஒரு துளிகூட அவள் பக்கம் சிந்தவில்லை. நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். மாத்திரை அட்டையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால், தலைவலியை மறந்துவிட்டு முதலில் அதைத் திருத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அச்சில் வரும் அபத்தங்களைத் தினமும் படிக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

என் அலுவலகம் எங்கள் சாப்பாட்டு மேஜை. காலையில் தட்டுகளை எடுத்தால் தாள்களைப் பரப்புவேன், மதியம் தாள்களை எடுத்தால் தட்டுகள் வரும். போன மாதம் ஒரு பூகோளப் பாடப் புத்தகத்தின் மேல் யாரோ டீக் கோப்பையை வைத்து, பெருங்கடலுக்கு நடுவில் புதிதாக ஒரு வட்டத் தீவு முளைத்துவிட்டது. அச்சக மேனேஜர் சிரிக்கவில்லை.

அதே மேனேஜர்தான் சனிக்கிழமை போன் செய்தார். ஒரு பெரிய அகராதி வருகிறதாம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஆயுளில் ஒருமுறை கிடைக்குமா என்று ஏங்குகிற வேலை அது. கட்டுக் கட்டாகத் தாள்களைப் பரப்பி, மாதக்கணக்கில் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். வீட்டில் தனியாக ஒரு அறை இருக்கிறதா என்று கேட்டார். டீத் தீவை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் தாள்களோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை விஷயம் பெரியது. அறையில்லை என்று தெரிந்தால் அகராதியும் போகும், இருக்கிற வேலையும் போகும்.

அறை இல்லாமலில்லை, மாடியில் இருக்கிறது. ஆனால் அது என் நாத்தனாருடையது. அவர் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். வீடு பாகம் பிரிந்தபோது மாடி அவர் பங்குக்கு வந்தது. விற்காத துணி மூட்டைகளை அங்கே அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஞாயிறுதோறும் எங்களைப் பார்க்க வருவார். தம்பி மேல் பாசம்தான். ஆனால் தம்பி குடும்பத்தின் மேல் நம்பிக்கை கிடையாது.

அந்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவரிடம் அறையைக் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன், மேனேஜரிடம் புளுகியது உட்பட. அவர் மடியிலிருந்த துணியின் ஓரத்தைத் தைத்தபடியே கேட்டுக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு இந்த வீட்டுக்கு அவர் வாங்கிக் கொடுத்த அலமாரி இன்னும் பாதி மட்டும் பொருத்தப்பட்டு நிற்பதை ஊசியால் சுட்டிக்காட்டினார். கணவர் தரையைப் பார்த்தார். ஆணி எங்கே அடிப்பது என்று நாங்கள் மூவரும் மூன்று இடத்தைச் சொல்லி அன்றைக்குச் சண்டை போட்டது உண்மைதான்.

"நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு காரியத்த முடிச்சு நான் பாத்ததே இல்ல," என்றார் நாத்தனார். "ரூம குடுத்தா யாரு எங்க மேஜை போடறதுன்னு ஒரு வருஷம் சண்டை போடுவீங்க. வாரா வாரம் ஒருத்தன்கிட்ட தோத்துட்டு ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கறீங்களே, இன்னிக்கு அவன ஜெயிச்சுக் காட்டுங்க. சாவிய இங்கயே வச்சுட்டுப் போறேன்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் மகள் அதற்குள் சீட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அபகரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் மேல் ஒரு கவசம் இருக்கிறது. சின்னச் சின்ன அடியெல்லாம் அதில் பட்டுத் தெறித்துவிடும். ஒருவர் தன் முறையில், ஒரே அடியில், கவசத்தின் எண்ணை எட்ட வேண்டும். எட்டினால் கவசம் உடையும், ஆட்டம் முடிந்தது. அப்படியானால் நல்ல அடிச்சீட்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரேயடியாகப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆப்பு. நாங்கள் மூவரும் ஆடி முடித்த பிறகு அவன் முறை வரும். அவனுடைய சீட்டில் ஒரே ஒரு வரிதான்: "அதிகச் சீட்டுள்ள கையைப் பறி." யார் நிறையச் சேர்த்தார்களோ அவர்களிடமிருப்பதை மொத்தமாகச் சுருட்டிக்கொள்வான். ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் கவசம் ஒரு எண் கூடும். நகரக் கட்டு என்று ஒன்று உண்டு, சுற்றுக்கு ஒரு சீட்டாகக் குறையும்; அது தீர்ந்துபோவதற்குள் அவனை வீழ்த்தாவிட்டால் நகரம் காலி.

பல வாரங்கள் கோட்டை விட்ட பிறகு என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவருடைய வீரன் பெயர் பாறை. ஒவ்வொரு வீரருக்கும் தனிக் கட்டு; நாங்கள் எங்கள் கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தால் பாறை ஐந்து எடுக்கலாம், ஆனால் வருவதெல்லாம் கல்லும் மண்ணும்தான். அந்தக் குப்பையைக் கை நிறையப் பிடித்துக்கொண்டு அவர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். அபகரன் அவரிடம் பறித்துக்கொண்டு போவான். நானும் மகளும் அவரைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு தப்பித்துவிடுவோம். எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லாக என் கணவர் பொறுமை காத்தது கண்கொள்ளாக் காட்சி.

இருந்தும் தோற்றோம். அவரைவிடக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்பதால் எனக்கும் மகளுக்கும் ஆளுக்கு நாலு சீட்டுக்கு மேல் சேராது. அவளுடைய வீராங்கனை மின்னல், நன்றாகவே அடிப்பாள். ஆனால் நாலு சீட்டால் கவசத்தில் பாதியைத்தான் எட்ட முடியும். என்னுடையவள் தூதி. பறப்பாள், செய்தி சொல்வாள். அடிச்சீட்டுகள் அவளிடமும் உண்டு, அவளுக்கென்று தனியாக இருந்த சிறப்புச் சீட்டுதான் சப்பென்று இருந்தது. "வேறொரு வீரருக்குக் கை கொடு." அவ்வளவுதான்.

இந்தச் சீட்டை முதல் நாள் பார்த்தபோதே என் கை பரபரத்தது. உதவி செய் என்ற பொருளில் வந்தால் "கைகொடு" என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். இடைவெளி விட்டு அச்சடித்திருக்கிறானே என்று தலையில் அடித்துக்கொண்டு, பென்சிலை எடுத்து, இரண்டு சொல்லையும் சேர்க்கும் வளைவுக்குறியைச் சீட்டின் மேலேயே போட்டுவிட்டேன். புதுச் சீட்டில் கிறுக்கிவிட்டதாக மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தச் சீட்டு வந்தால், அடிக்கிறவருக்கு உதவியாக நான் ஒரே ஒரு சீட்டைச் சேர்த்துக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அன்றைய ஆட்டமும் அதே வழியில்தான் போனது. அபகரன் சுருட்டினான், கவசம் ஏறியது. நாத்தனார் தைத்துக்கொண்டே கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நகரக் கட்டில் ஒரு சீட்டு மட்டும் மிச்சம். கவசம் இருபத்திரண்டில் நின்றது. கணவர் தன் முறைக்கு ஐந்து குப்பையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அடுத்து நான், அதற்கடுத்து மகள், அதோடு முடிந்தது. தூதியின் அந்தச் சீட்டு என்னிடம் வந்திருந்தது, ஆனால் ஒரு சீட்டு உதவி எந்த மூலைக்கு? மேனேஜரின் முகம் என் கண்முன் வந்து நின்றது. சீட்டுகளை விசிறியடிக்கத் தோன்றியதை மறைப்பானேன்.

அப்போது நாத்தனார் மடியிலிருந்த துணியை ஓரமாக வைத்தார். காபி போட எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் கை குடு. கால் மரத்துப் போச்சு."

எரிச்சலோடு எழுந்து போய்க் கையை நீட்டினேன். அவர் மணிக்கட்டு வரைக்கும் கெட்டியாகப் பிடித்து இழுத்து எழுந்தார். அவர் கேட்டது என் கையை. முழுக் கையை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் கால் மரத்துப்போனதா என்று கேட்டார்.

மேஜைக்கு ஓடி என் சீட்டையும் அபகரனின் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "கையைப் பறி." "கை கொடு." இத்தனை நாளும் அவன் பறித்த கை, பிடித்திருக்கும் சீட்டு மொத்தமும் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. நான் கொடுக்க வேண்டிய கை மட்டும் எப்படி ஒற்றைச் சீட்டு ஆகும்? அச்சுக்காரன் சரியாகத்தான் அடித்திருக்கிறான். பிழையே இல்லாத இடத்தில் பிழை திருத்தியிருக்கிறேன், அதுவும் நான்.

மகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வாரம் ஒரு மாதிரி ஆடிவிட்டு, அறைக்காக இப்போது விதியை மாற்றினால் ஏமாற்று வேலை என்று அத்தை சொல்ல மாட்டாரா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இரண்டு சீட்டையும் நாத்தனாரிடமே நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பிரிச்சுத்தான போட்டிருக்கான்," என்றார். "அது சரி, நடுவுல பென்சில்ல ஒரு வளைவு இருக்கே, இது எந்த மேதாவி போட்டது?"

சிரிப்பை அடக்கப் பாறையான என் கணவராலும் முடியவில்லை.

"நான்தான் அண்ணி."

"அப்ப குடு," என்றார் அவர். தோற்றால் தன் அறை தனக்கே என்று இருந்தவர், காபியை மறந்து எங்கள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

கணவர் என்னை அவசரப்பட வேண்டாம் என்றார். கூட்டிப் பார்க்கச் சொன்னார். என் அடிச்சீட்டுகளின் எண்களைக் கூட்டினால் பதினொன்று, மகளுடையது பத்து. கவசம் இருபத்திரண்டு. ஒன்று குறைந்தது. அவள் முறைக்கு எடுக்கும் இரண்டு சீட்டில் ஒன்றாவது அடிச்சீட்டாக வர வேண்டும். வராவிட்டால் கை பெருத்திருப்பவள் அவள்தான், அபகரன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவான்.

எனக்கு யார் கையிலும் எதையும் ஒப்படைத்துப் பழக்கமில்லை. நான் திருத்திய தாளைக்கூட அச்சகத்தில் நானே நின்று பார்த்தால்தான் தூக்கம் வரும். இந்த ஆட்டத்திலும் கடைசி அடி என்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் பதுக்கினேன், கத்தினேன். இப்போது, மருந்துச் சீட்டைப் படிப்பதற்குள் மாத்திரையை விழுங்குகிற இந்தப் பெண்ணிடம் மொத்தத்தையும் கொடுக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. கொடுத்தேன். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மகள் வழக்கம்போல் பாயவில்லை. என் சீட்டுகளையும் அவள் சீட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, அவள் அப்பா திருகுகளை வைப்பதுபோல் மேஜையில் வரிசையாக வைத்தாள். பிறகு மின்னலின் கட்டிலிருந்து முதல் சீட்டை எடுத்தாள். 'ஓய்வு' என்றிருந்தது. பூஜ்யம். இரண்டாவது சீட்டைத் திருப்பாமல் என் பக்கம் தள்ளினாள்.

"நீ திருப்பும்மா."

திருப்பினேன். மின்னல் கீற்று. இரண்டு.

என் கணவர் மெதுவாக, விரல் வைத்து, ஒவ்வொரு சீட்டாகக் கூட்டினார். அவர் கூட்டி முடிப்பதற்குள் நானும் மகளும் நாத்தனாரும் பத்து தடவை கூட்டிவிட்டோம். இருபத்துமூன்று. அபகரனின் கவசம் உடைந்தது. நகரம் பிழைத்தது. மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியாது. கணவர் அபகரனின் சீட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் கவிழ்த்துப் போட்டு, தன் ஐந்து குப்பையையும் அவன் தலைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவரால் முடிந்த ஆட்டம் பாட்டம் அதுதான்.

பெட்டியை மூடுவதற்கு முன் ரப்பரை எடுத்து, தூதியின் சீட்டிலிருந்த என் வளைவை அழித்தேன். லேசாகத் தடம் தெரிகிறது. பரவாயில்லை.

நிமிர்ந்தபோது நாற்காலியின் பின்னால் யாரும் இல்லை. நாத்தனார் படியேறிக்கொண்டிருந்தார். மேலே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது, ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது, ஒரு மூட்டை தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"மூட்டை கனமா இருக்கு. மூணு பேரும் வந்து கைகுடுங்க."

பேச்சில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. நான் சேர்த்தே படித்துக்கொண்டு, கணவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். என் மேஜையை எங்கே போடுவது என்று அங்கே போனதும் மூவரும் மூன்று இடத்தைக் காட்டினோம். நாத்தனார் ஜன்னல் பக்கத்தைக் காட்டினார். அங்கேயே போட்டோம்.