தலையில் அன்டெனாவோடு ஒரு நிமிடம்

பிலிமத்தலாவையில் பன்னிரண்டு வருடமாக ஹார்ட்வெயார் கடை நடத்துகிற நான், நேற்று அஸர் தொழுகைக்கு முன்னால் கடையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, சீமெந்து மூட்டையின் மேல் ஹெல்மட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஹெல்மட்டின் உச்சியில் பிஸ்கட் அளவில் ஓர் அன்டெனா. அதன் வயர் என் மனைவி நுஸ்ஹாவின் லெப்டொப்பில் போய் முடிந்தது.

"ஒரே ஒரு நிமிஷம் தலய ஆட்டாம ஈங்க," என்றாள். இதை அவள் சொல்வது ஏழாவது தடவை.

அவள் கெம்பஸில் டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வானத்தில் சுற்றுகிற செய்மதியின் சிக்னல் வெட்டவெளிக்கே சோர்ந்துபோய்த்தான் வந்து சேருமாம். கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம், இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். நுஸ்ஹாவின் புரோகிராம் அதை ஒரு நிமிடம் முழுக்கத் துளித்துளியாகச் சேர்க்கும். சேரச்சேர சிக்னல் வளரும், இரைச்சல் அமுங்கும். நடுவில் தலை அரைச் சாண் நகர்ந்தால் போதும், ஒரு துளி மற்றதை அழித்துவிடும். இடிந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவரை அவருடைய போனை வைத்துத் தேடுவதற்கான வேலை இது. அதனால் மேசையில் வைத்து அளந்தால் அவளுடைய ஆராய்ச்சியைப் பார்க்கிற சேர் ஒப்புக்கொள்ளமாட்டாராம், உயிருள்ள ஆள் வேண்டுமாம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடம் காட்டாவிட்டால் மூன்று வருட உழைப்பு போச்சு. அந்த உயிருள்ள ஆளாக என்னைப் பிடித்ததுதான் அவள் செய்த பிழை.

எனக்கு வாய் பேசினால் கையும் பேசும், கை பேசினால் தலையும் பேசும். மூன்றாவது தடவை யாரோ ஆணி கேட்க, தலையாலேயே இடத்தைக் காட்டினேன். ஐந்தாவது தடவை மூக்கில் ஓர் இலையான் பறந்துவந்து உட்கார, தலையை உதறி விரட்டினேன். ஆறாவது தடவை, ஐம்பத்திரண்டாவது செக்கனில், பெயின்ட் கொண்டுவருகிற அஹ்னாப் ஸலாம் சொல்லிக் கையை நீட்டினான். எங்கள் ஆட்களுக்குள் நீட்டிய கையை விட்டவன் மறுநாள் பள்ளிவாசலில் முகம் காட்ட முடியுமா? எழும்பி இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஒங்களுக்குக் கை இல்லாம ஈந்தா நான் எப்பவோ டொக்டர்," என்றாள் நுஸ்ஹா. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அல்லாஹ்வே, இந்த ஒரு நிமிடத்துக்கு என்னைக் கல்லாக்கிவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

ஏழாவது தடவை முப்பது செக்கன் தாண்டியபோது உள்ளே வந்தவர் ஸாகி ஹாஜியார். பள்ளிவாசல் தலைவர், என் நிக்காஹ்வுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்ன மகன், கடைக்குள்ள ஹெல்மட்டு?" கையை நீட்டினார்.

உதட்டுக்குள்ளேயே பதில் ஸலாம் சொன்னேன். கையை அசைக்கவில்லை. அவர் முகம் கறுத்தது.

"என்னோட எனத்தயும் கோவமா?"

நுஸ்ஹா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினாள். "கோவமில்ல ஹாஜியார். இடிஞ்ச ஊட்டுக்குள்ள மாட்டின ஆளத் தேடுற மெஷின். அவருக்கும் கைய நீட்ட ஏலாதானே."

போன மழைக்கு மேட்டுப்பக்கம் மண் சரிந்து வீடுகளை மூடியபோது, மண்வெட்டியோடு மூன்று நாள் அங்கேயே கிடந்தவர் ஹாஜியார். எங்கே தோண்டுவது என்று தெரியாமலே தோண்டினோம் என்று இப்போதும் சொல்லி மூக்கை உறிஞ்சுவார்.

"இன்னம் எவ்வளவு நேரம் மகள்?" குரல் இறங்கியிருந்தது.

"பத்து செக்கன்."

அவர் கையை எடுக்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, நீட்டியபடியே நின்றார்.

திரையில் புல்லுத்தரை மாதிரிக் கிடந்த கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நிமிர்ந்து எழும்பியது. நுஸ்ஹா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது என்று சொல்ல அவளுக்கு நினைவில்லை. பழைய இலையான் வந்து ஹாஜியாரின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அசையாமல் நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.