மெஷின் சரியாகத்தான் காட்டியது

மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் அண்ணன் சரிந்து விழுந்தபோது அவர் கையில் கொழுப்பு மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. வெளியே நின்ற பெரியவரிடம், "நல்லாத்தானே இருக்கோம்னு பாதியில நிறுத்திடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த வார்த்தைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் சின்ன சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர். நாற்பத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு, சிகரெட்டைத் தொடாத ஆள். அவருக்கா மாரடைப்பு என்று என்னால் நம்பவே முடியவில்லை. டாக்டரம்மா ஓடி வந்து ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார், ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டரம்மாவும் அதிலேயே ஏறிப் போய்விட்டார். நர்ஸ் உத்தியோகத்தில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவள் நான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் போன திசையைப் பார்த்து வாசலிலேயே நின்றேன்.

அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மாவின் போன் வந்தது.

"அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் எப்பவாவது பாத்திருக்கோமா? பழைய ரிசல்ட் கேக்கறாங்க."

"பாத்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? இல்ல" என்றேன் வெடுக்கென்று.

எனக்கு அந்தத் திமிர் உண்டு. கொழுப்பு நோட்டு என் பொறுப்பு. கெட்ட கொழுப்பு அதிகம் உள்ளவர்களின் பெயர், எண், மாத்திரை, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். புதன்கிழமை காலையில் டாக்டரம்மா, அண்ணன், லேப் அக்கா, நான் நாலு பேரும் உட்கார்ந்து அதை வரிசை எண்படி பார்ப்போம். வராதவர்களுக்கு நான் மூன்று முறை போன் போடுவேன். அப்படியும் வராவிட்டால் வீட்டு வாசலில் போய் நிற்பேன். எத்தனையோ பேர் என் நம்பரைப் பார்த்ததும் போனை அணைத்திருக்கிறார்கள். நான் விட்டால்தானே. அண்ணன் எனக்கு வைத்த பெயர் அலாரம். "அலாரத்துக்கு இருக்கறது வாய்க்கொழுப்பு. அதுக்கு நம்மகிட்ட மாத்திரை இல்ல" என்பார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

போனை வைத்த பிறகும் மனசு கேட்கவில்லை. நோட்டை எடுத்து ஒன்றிலிருந்து கடைசி எண் வரை தேடினேன். அண்ணன் பெயர் இல்லை. மூடப்போனபோது அட்டைக்கு அடுத்த தாள் கண்ணில் பட்டது. வரிசை எண் இல்லாத தாள். மேலே 'மெஷின் சோதனை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

கொழுப்பு பார்க்கும் புது மெஷின் வந்த அன்று அதைப் பழகுவதற்காக நாங்கள் நாலு பேரும் எங்கள் விரலையே குத்திக்கொண்டோம். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தோம். ஜன்னலில் கூட்டம் நின்றதால் அண்ணன் விரலைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். அவர் பெயருக்கு நேரே கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பதினான்கு, இரண்டாம் முறை இருநூற்றுப் பதினொன்று. பக்கத்தில் நான் ஒரு டிக் போட்டு, 'இரண்டும் ஒத்துப்போகிறது, மெஷின் சரி' என்று எழுதியிருந்தேன்.

நூற்றுத் தொண்ணூறைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் உட்கார வைக்க வேண்டும் என்பது நாங்களே போட்ட விதி. அந்த இரண்டு எண்ணையும் பார்த்து நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். மெஷினைத்தான் பார்த்தோம், மனுஷனைப் பார்க்கவில்லை. நடந்து ஏழு மாதம் ஆகிறது.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். இதய சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். தாளைக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது.

"நானும்தான் அன்னைக்குப் பாத்தேன். அண்ணிகிட்ட நானே சொல்றேன், நீ சும்மா இரு" என்றார்.

"இல்ல டாக்டரம்மா. எழுதினது நான். நான்தான் சொல்லணும்."

அண்ணி, அண்ணனின் மனைவி, சுவரோர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர், புடவையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அடைப்பை எடுக்கறாங்களாம்மா. எப்படி வந்துச்சுன்னே தெரியல. ரத்தம் பாத்துக்கோங்கன்னு நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? புது மெஷின்ல பாத்தாச்சு, ஏதாவது இருந்திருந்தா அலாரம் என் உயிரை வாங்கியிருக்கும், அவ சும்மா இருக்கான்னா எனக்கு ஒண்ணும் இல்லன்னு சிரிப்பாரு. நீ இருக்கற தைரியத்துலதான் நானும் விட்டுட்டேன்."

யாரையும் நிற்க வைத்துத் திட்டுகிற வாய் என்னுடையது. நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தேன்.

"அண்ணி, இருந்துச்சு. இருநூத்திப் பதினாலு. நான்தான் கூப்பிடல."

அண்ணி அந்தத் தாளையே பார்த்தார். எண்ணுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும், அண்ணன் வீட்டில் சொல்லிச் சொல்லியே தெரியும். டிக்கின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"மெஷின் சரியா இருக்குன்னு போட்டது, அண்ணி."

அண்ணி நோட்டை மூடி என் மடியிலேயே வைத்தார்.

"யார் யார் வீட்டுக்கோ மூணு தடவ போன் போடுவியே. எங்க வீட்டுக்கு ஒரு தடவ போடத் தோணலையா?"

கதவு திறந்து அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு முழிச்சுட்டாரு. வீட்டு ஆளுங்க யாரு?"

நானும் அண்ணியும் ஒன்றாக எழுந்தோம். அண்ணி என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"நான் மட்டும்தான்."