போனில் ஓடிய தண்ணீர்

தூக்கம் வரவழைக்கும் செயலியைச் செய்தவன் எவனாக இருந்தாலும், அவன் வீட்டுக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று அடித்துச் சொல்வேன். மழை, ஓடை, அருவி, அலை என்று அதில் பாதிக்கு மேல் தண்ணீர்ச் சத்தம்தான். அம்மான் நகரத்தில், எங்கள் ஜபல் அத்தாஜ் மேட்டில், தண்ணீர் வாரத்துக்கு ஒரே நாள். எங்கள் தெருவுக்குச் செவ்வாய். அன்று மொட்டைமாடித் தொட்டியில் பிடித்ததை வைத்துத்தான் அடுத்த செவ்வாய் வரை ஓட்ட வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எங்களுக்குத் தூக்கமா வரும்? வாளியைத் தேடத்தான் தோன்றும்.

ஆனாலும் எனக்கு வேறு வழி இல்லை. மருத்துவமனையில் இரவுப் பணி. பகலில் தூங்கலாம் என்றால் கேஸ் சிலிண்டர் விற்கும் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும். அது போனால் பழைய இரும்புக்காரன் ஒலிபெருக்கியோடு வருவான். மூன்று வாரம் சரியாகத் தூங்காமல், நாலாம் படுக்கைக்காரரின் பெயர்ப்பட்டையை ஐந்தாம் படுக்கைக்காரர் கையில் கட்டிவிட்டேன்.

"ருதைனா, இன்னைக்கு நான் பாத்துட்டேன்," என்றார் தலைமைச் செவிலியர் தஹானி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னை வார்டுல வச்சுக்க மாட்டேன். தூங்கிட்டு வாம்மா. போன்ல அதுக்கு ஒரு ஆப் இருக்காமே, அதையாவது போட்டுப் பாரு."

போட்டேன். ஓடைச் சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரில் வைத்துக் கண்ணை மூடினேன். பத்தே நிமிடத்தில் கதவு இடிபட்டது. கீழ்வீட்டு உம்மு ஷாஹிர், கையில் கரண்டியோடு நின்றார்.

"அடியே, உன் தொட்டி வழிஞ்சு ஊத்துது! நீ பாட்டுக்குக் குறட்டை விடுறியா?"

"தொட்டி இல்ல பெரியம்மா. போன்."

"போன்ல தண்ணி வருதா? அப்போ எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, ரெண்டு வாளி பிடிச்சுக்கிறேன்."

மறுநாள் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். தூக்கமும் வந்தது. வந்த தூக்கத்தில் என் காதே எனக்குக் குழி பறித்தது. தண்ணீர் ஓடுகிறது! துள்ளி எழுந்தேன். கண் பாதிதான் திறந்திருந்தது, கை பழக்கத்தில் வேலை பார்த்தது. வாஷிங் மெஷினை இரண்டு தடவை ஓட்டினேன். திரைச்சீலைகளைக் கழற்றி அலசினேன். வந்துகொண்டிருக்கிற தண்ணீர்தானே என்று வாளி வாளியாக ஊற்றித் தரையைத் தேய்த்தேன். கடைசி வாளி பாதி நிறையும்போது குழாய் இருமிவிட்டு நின்றது. படுக்கையறையில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அன்று ஞாயிறு. தொட்டி காலி. இரவு எட்டு மணிக்குப் பணி, தூங்கியதோ இரண்டு மணி நேரம். ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சத்தம் கேட்டு உம்மு ஷாஹிர் மறுபடியும் ஏறி வந்தார்.

"இப்ப என்னடி, போன்ல வெள்ளமா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. "ஊரே தண்ணிக்கு அழுவுது, இவ இல்லாத தண்ணிய நம்பித் திரையெல்லாம் தோச்சிருக்கா!"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பெரியம்மா."

"சொல்லாம? செவ்வாய் வரைக்கும் எங்களுக்கு வேற என்ன பொழுதுபோக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "போய்ப் படு. அந்தச் சனியன அணைச்சிட்டுப் படு."

மாடியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. இரும்புத் தாங்கியில் உயரமாக இருக்கும் அவருடைய தொட்டியிலிருந்து என் தொட்டிக்கு ரப்பர் குழாய் போட்டார். அவர் வீட்டில் ஆறு பேர். அவர்களுக்கே தண்ணீர் அளந்துதான் செலவு. என் கட்டிலுக்கு நேர் மேலே, காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. நிஜத் தண்ணீர், எனக்கென்று வரும் தண்ணீர். செயலியில் இருந்த இருநூறு சத்தங்களில் இது இல்லை. எப்போது தூங்கினேன் என்றே தெரியாது.

விழித்தபோது மாலை ஆறரை. மேலே இன்னும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பதறி மாடிக்கு ஓடினேன். உம்மு ஷாஹிர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னுமா பெரியம்மா? அரை மணி நேரத்துல ரொம்பிடுமே!"

"முழுசாத் தெறந்தா ரொம்பிடும். ரொம்பினா நிறுத்தணும். சத்தம் நின்னா நீ எந்திரிச்சிருவே." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் நூல் கனத்துக்குத் தெறந்துவிட்டு உக்காந்திருக்கேன்."