இருபத்திரண்டு பொய்ப் பெயர்கள்

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் ‘செக்கிங்குக்கு ஆள் தேவை’ என்று போர்டு தொங்கியது. உள்ளே நான்கு பக்க விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தில் ரோஸ்மேரியின் பேனா நின்றுவிட்டது. ‘உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா?’

“இல்லைன்னு எழுது புள்ள,” என்றாள் அமராவதி. பக்கத்து வீட்டுக்காரி, இங்கே தையல் வேலை. டீ நேரத்தில் வந்து நின்றிருந்தாள்.

“மாசாமாசம் வாய்தாவுக்கு கோர்ட்டுக்குப் போணும்லா? லீவுக்கு என்ன சொல்ல?”

“காய்ச்சல்னு சொல்லு.”

“மாசம் தவறாமலாக்கா காய்ச்சல் வரும்?”

“தவறாம வர்றது வேற இருக்குதல்ல, அதைச் சொல்லு.”

ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கோடையில் இருபது நாள் தண்ணீர் வராமல், தெருப் பெண்கள் காலிக்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறியல் என்றால் கல்யாண மண்டபம், எலுமிச்சம் சாதம், சாயங்காலம் வீடு. போலீஸ் பெயர் கேட்டபோது இருபத்திரண்டு பேர் வாயில் வந்ததைச் சொன்னார்கள். அமராவதி, செத்துப்போன மாமியார் செல்லாத்தாளின் பெயரைக் கொடுத்தாள். தெற்கிலிருந்து வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகாத ரோஸ்மேரிக்கு இந்தப் பழக்கம் தெரியாது. கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைக் கழற்றி ஏட்டிடம் நீட்டினாள்.

அன்று யாரோ எறிந்த கல்லில் போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்திருந்தது. கேஸ் கோர்ட்டுக்குப் போனது. சம்மன் ஒருத்திக்கு மட்டும் வந்தது, அதுவும் கம்பெனி கேட்டுக்கே. மறுநாள் வேலை போனது. அடுத்த கம்பெனியில் மறைத்துச் சேர்ந்தாள். லீவு கிடைக்காமல் ஒரு வாய்தாவை விட்டாள். பிடிவாரண்டோடு வந்த போலீஸ் அவளை செக்கிங் டேபிளிலிருந்தே கூட்டிப்போனது.

அதற்குப் பின் மூன்று மாதம் வேலை இல்லை. கணவன் முனீஸ் சாயப்பட்டறையில் கால் வெந்து வீட்டில் கிடக்கிறான்.

‘ஆம்’ என்று எழுதினாள். அமராவதி தலையில் அடித்துக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

மேனேஜர் செல்வக்குமார் பாரத்தைப் பொறுமையாகப் படித்தார்.

“நெசத்தை எழுதியிருக்கீங்க, சந்தோசமுங்க. கேஸ் எப்ப முடியுமுங்க?”

“மத்தவங்களும் ஆஜரானாத்தான் நகரும்னு வக்கீல் சொல்லுதாரு, சார்.”

“அவங்கெல்லாம் எங்கீங்க?”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமராவதி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது சார். எல்லாம் பொய்ப் பேரு.”

“அப்ப இது முடியவே முடியாதுங்களே!” சிரிக்கத் தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “எனக்கொண்ணுமில்லீங்க. நம்ம பனியன் வாங்குற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினா ஒவ்வொரு பாரமா புரட்டுவானுங்க. கேஸ் முடிஞ்சதும் வாங்க அம்மிணி.”

“அந்தப் பாரத்தைக் கொடுங்க சார். இல்லைன்னு மாத்திருதேன்.”

“இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே.”

“வாய்தாவுக்குப் போகாம இருந்துருதேன் சார்.”

“போலீஸ் இங்க வருமுங்களே.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“போயிட்டு வாங்க அம்மிணி,” என்றார், மரியாதையாகத்தான். அடுத்தவள் உள்ளே வந்து, நாற்காலி காலியாகட்டும் என்று பக்கத்தில் நின்றாள்.